474 மைக்ரான்

8 மார்ச் 2004, திங்கள், காலை 11.40
வலக்கண் 474 மைக்ரான், இடக்கண் 479. மூன்று முறை அளக்கச் சொன்னேன். ஒரு மைக்ரான்கூட நகரவில்லை. கருவி மேல் பழி போட வழியில்லை.

"கார்னியா, அதான் கண்ணோட முன்படலம், மெலிசா இருக்கு. உங்களுக்கு லேசிக் லேசர் ஆபரேஷன் வேண்டாம். வேற வழி இருக்கு, ஆனா அவசரத்துக்கு ஆகாது" என்றார் டாக்டர் கேத்தரின்.

எனக்கு அவசரம்தான். 28-ஆம் தேதி கிருஷ்ணகிரியில் நிச்சயதார்த்தம். சிந்துவைப் பெண் பார்க்கப் போன அன்று "தம்பி கண்ணாடி போடுவாரா?" என்று கேட்டார்கள். "அதெல்லாம் இல்லைங்க" என்றாள் அம்மா. மைனஸ் ஆறரைக் கண்ணாடி என் பாக்கெட்டில் இருந்தது. ஆபரேஷன் ஆகிக் கண்ணாடி போய்விட்டால் பொய் உண்மையாகிவிடும், அதுதான் திட்டம். பெரிய திட்டம்.

9 மார்ச்
ஃபேக்டரியில் கிரைண்டிங் மெஷின் ஓட்டும் பச்சைமுத்துவிடம் ஏன் சொன்னேன்?

"ரெண்டு மைக்ரான் கொறஞ்சாலே எங்க பீஸ ஸ்கிராப்புல போடுவீங்க. இப்ப உங்களயே ரிஜெக்ட் பண்ணிட்டாங்களா சார்?"

லைனே சிரித்தது. மாலைக்குள் இன்ஸ்பெக்ஷனில் அவன் பீஸ் பதினொன்றை ஸ்கிராப்பில் தள்ளினேன். நியாயமாகத்தான் தள்ளினேன். ஆனால் சந்தோஷமாகத் தள்ளினேன்.

12 மார்ச்
ஜெயநகரில் வேறு கிளினிக். மீன்தொட்டி, ஏசி. டாக்டர் கண்ணிலேயே படவில்லை. வருகிறவர்களிடம் பேச, கவுன்சிலர் என்று ஒரு பெண். "474-ஆ? தாராளமா பண்ணலாம் சார். இங்க ஒரு சைன்." போட்டேன். வரும் புதன்கிழமை ஆபரேஷன்.

அம்மாவுக்குச் சந்தோஷம். "அந்த டாக்டரம்மாதான் சும்மா பயமுறுத்திட்டா."

14 மார்ச், ஞாயிறு
கையெழுத்துப் போட்ட படிவத்தின் நகலை இன்றுதான் படித்தேன். பின்விளைவுகள் எல்லாம் என் பொறுப்பாம். கணக்குப் போட்டேன். லேசருக்கு முன் கார்னியாவின் மேல்மடல் வெட்ட 160. என் பவருக்கு லேசர் செதுக்குவது சுமார் 90. மிச்சம் 224. குறைந்தது 250 வேண்டும் என்று கேத்தரின் சொல்லியிருந்தார், இல்லையென்றால் கார்னியா நாளடைவில் பிதுங்கிப் பார்வையே கோணலாகலாம் என்று.

அளவு குறைந்த பீஸை அனுப்பும்போது நாங்களும் இப்படித்தான் வாங்குபவனிடம் ஒரு பேப்பரில் கையெழுத்து வாங்குவோம். இங்கே வாங்குபவனும் நான், பீஸும் நான். கூடுதலாக இருந்தால் அரைக்கலாம், குறைந்ததை எதை வைத்து ஒட்டுவது? தினமும் ஷாப் ஃப்ளோரில் நான் கத்துவதே இதைத்தானே. அறிவு எங்கே போயிற்று?

15 மார்ச்
ஜெயநகரை ரத்து செய்தேன். மறுபடி கேத்தரின். மடல் வெட்டாமல் மேற்பரப்பிலேயே லேசர் செய்யும் பி.ஆர்.கே. உண்டு. நாலைந்து நாள் எரியும், பார்வை தெளிய ஒன்றிரண்டு மாதம் ஆகும், என் பவருக்குப் புகை மாதிரி மங்கல் படியலாம். இல்லையென்றால் கார்னியாவைத் தொடாமல் கண்ணுக்குள்ளே ஒரு லென்ஸ் வைக்கலாம், உள்ளே இடம் இருந்தால். இரண்டுக்கும் இன்னும் சோதனைகள் பாக்கி.

"இருபத்தெட்டுக்குள்ள எதுவும் ஆகாது. யாருக்காக இவ்ளோ ஓட்டம்?" என்றார்.

அம்மாவிடம் போனில் கத்தினேன். ஏம்மா பொய் சொன்ன?

"நீயும் பக்கத்துலதானடா உக்காந்திருந்த. வாயத் தொறந்தியா?"

வைத்துவிட்டேன். வேறு என்ன செய்ய?

17 மார்ச், புதன்
ஆபரேஷன் நடந்திருக்க வேண்டிய நாள். சிந்துவுக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப அன்னைக்கு நீங்க என்னைப் பாக்கவே இல்லையா?"

"நீலப் புடவை கட்டியிருந்தீங்க."

"அது எங்க அத்தை."

அவளே தொடர்ந்தாள்.

"நிமிந்துகூடப் பாக்கல, திமிர் புடிச்சவர்னு மூணு வாரமா நெனச்சிட்டு இருக்கேன். இப்ப பொய்யும் சேந்துக்கிச்சு. கண்ணாடியெல்லாம் ஒரு விஷயமாங்க? எங்க அப்பாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களே வந்து சொல்லுங்க."

கட் செய்துவிட்டாள். அவள் கோபத்தில் தப்புக் கண்டுபிடிக்கப் பார்த்தேன். இல்லை.

செய்ய வேண்டியவை:
1. சனிக்கிழமை முதல் பஸ்ஸில் கிருஷ்ணகிரி. கண்ணாடி போட்டுக்கொண்டு.
2. அவள் அப்பாவிடம் நானே சொல்வது. அம்மாவை இழுக்கக் கூடாது.
3. ஆபரேஷன் எப்போது என்று கேட்டால்: தெரியாது. செய்யாமலும் போகலாம்.
4. வேண்டாம் என்றால் வாதாடக் கூடாது. எழுந்து வருவதற்கு முன் சிந்துவை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.