கப்பல் தேதி இல்லாதவர்கள்

குன்னூர், 9-2-1983

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். உங்கள் மூட்டுவலியும் அம்மாவின் இருமலும் எப்படி? எனக்குச் சளி மட்டும்தான்.

உங்களைப் போல ஒப்பந்தப்படி கண்டியிலிருந்து இந்தியா வருகிறவர்களுக்கு வீடு ஒதுக்கும் அட்டவணையை ஆபீஸ் கணினியில் திருத்துகிறேன். கப்பல் தேதி காலியாக இருந்தால் ‘வரமாட்டார்’ என்று மாற்றும்படி, கணினிக்குப் புரியும் மொழியில் ஒரே வரிக் கட்டளை எழுதினேன். உங்கள் இருவர் பெயருக்கு எதிரிலும் அதுவே விழுந்துவிட்டது. மேலாளர் பரமசிவன் சிரித்தார்: “ஏனுங்க தம்பி, பெத்தவங்களையே வர வேண்டாம்னுட்டீங்களா?”

பாஸ்போர்ட் எண் இருந்தால் ‘வருவார்’ என்று இன்னொரு நிபந்தனை சேர்த்தேன். உங்கள் பெயர் சரியானது. அம்மாவுடையது மாறவில்லை, எண் இல்லை. பொய் எண் போட என்னால் முடியாது.

மாசிக் கருவாடு கொஞ்சம் அனுப்புங்கள், என் சமையல் எனக்கே பிடிக்கவில்லை. ஆபீஸில் தபால் கட்டுகிறார்கள், முடிக்கிறேன். அம்மாவுக்குப் பாஸ்போர்ட் கிடைத்ததா? மழுப்பாமல் எழுதுங்கள். இருவருக்கும் சேர்த்துத்தான் வீடு கேட்டிருக்கிறேன்.

மகன்,
அய்யாவு