ஆறு மணிச் செபம்

விமானம்: நாரை-3. பணி: மின்னணுப் போர். இடம்: மன்னார் வளைகுடா வான்வெளி.
பதிவு: பிரஸ்கில்லா மோத்தா. விமானத்தில் வேறு ஆள் இல்லை.

05:20 | வழக்கமான பதிவு

உயரம் நாற்பதாயிரம் அடி. ஏரியல்கள் சரி. எரிபொருள் இரவு ஏழு மணி வரை தாங்கும்.

இந்தப் பதிவுப் பெட்டியை எடுத்துப் படிப்பவருக்கு: இது ஒரு முதலாளி குடும்பத்தோடு உல்லாசம் போக வாங்கிய விமானம். உயரத்தில் நெடுநேரம் நிற்கும் என்பதால் அரசு வாங்கிப் போர் விமானமாக மாற்றியது. சோபாக்கள் போய்ப் பெட்டி பெட்டியாகக் கருவிகள் வந்தன. மதுப்புட்டி அலமாரியில் இப்போது ஒலிபரப்பி இருக்கிறது. அதே குளிர்சாதனம்தான் அதைக் குளிர்விக்கிறது. ஓட்டுவது கணினி. ஜன்னல்களைத் தகடு வைத்து அடைத்துவிட்டார்கள். என் இருக்கையருகே ஒன்று மட்டும் தப்பியது. இருக்கை முதலாளியுடையது, அசல் தோல். எனக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்.

என் வேலை, எதிரியின் ஆளில்லா விமானக் கூட்டம் தங்களுக்குள் பேசிக்கொள்ளாதபடி இரைச்சல் போடுவது. யார் எதிரி என்று பிரித்துச் சொல்வது ஒரு இயந்திரம். அதற்கு நான் வைத்த பெயர் கணக்குப்பிள்ளை.

06:04 | புதிய சமிக்ஞை

கணக்குப்பிள்ளை மணி அடித்தது. கடலில் ஒரு குரல் கட்டளையிடுகிறதாம், முப்பது இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் பதில் வருகிறதாம். ஆளில்லா விமானக் கூட்டத்தின் அச்சு அசலான பழக்கம் என்கிறது.

காதில் மாட்டிக் கேட்டேன். சிரித்துவிட்டேன். எங்கள் ஊர்ப் படகுகள். நேற்றிரவு போர் தொடங்குமுன்பே தங்குகடலுக்கு, அதாவது நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கப் போனவை. காலை ஆறு, மதியம் பன்னிரண்டு, மாலை ஆறு என்று மூன்று வேளையும் வயர்லெஸைத் திறந்து மூவேளை செபம் சொல்வார்கள். ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார், மற்ற படகுகள் பதில் சொல்லும். யார் முதலில் தொடங்கினாலும் சரி, தொடங்கியவர் முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசுவதில்லை. பகையாளி தொடங்கினாலும் பதில் சொல்லியாக வேண்டும். எங்கள் வழக்கம் அது.

அடி எடுத்துக் கொடுத்தது என் தம்பி கிளாட்வின். ‘பனிமயத் தாய்’ படகு. வீட்டில் நான் சொன்னால் பாதியில் மூச்சு வாங்கும். மிச்சத்தை அவன்தான் முடித்துவைப்பான்.

06:30 | தளத்துடன்

பணியிலிருந்த அதிகாரி பூவரசனிடம் சொன்னேன்.

“புரியுது மேடம். ஆனா எதிரி லிஸ்ட்ல இருந்து எடுக்கணும்னா கமாண்டர் ஓகே சொல்லணும். மதியத்துக்குள்ள வாங்கித் தர்றேன்.”

விதி இதுதான். ஒரே சமிக்ஞையைக் கணக்குப்பிள்ளை மூன்று முறை கேட்டால் எதிரி உறுதி. கரையிலுள்ள ஏவுகணைக்குத் தானாகவே தகவல் போகும். மூன்றாம் முறை பதில் வரும்வரைகூடக் காத்திருக்காது. முதல் குரல் யாருடையதோ அவனே தலைவன். ஏவுகணைக்குக் கண் கிடையாது, காதுதான். அடி எடுத்துக் கொடுக்கும் குரலைத் தேடிப் போகும், வழியில் அந்தக் குரல் மாறினால் அதுவும் திரும்பும்.

12:03 | இரண்டாம் முறை

செபம் வந்தது. சிரிப்பு வரவில்லை.

“கமாண்டர் மீட்டிங்ல இருக்காரு மேடம். வந்ததும் மொத வேலை அதுதான்.”

மீட்டிங்காம். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஹெட்போனைக் கழற்றி வீசினேன். பிறகு நானே எடுத்து மாட்டிக்கொண்டேன்.

14:40 | தளம் பேசவில்லை

எதிரியின் கூட்டம் ஒன்று நிலப்பக்கமாகச் சுற்றி வந்துவிட்டது. என் இரைச்சல் அங்கே எட்டாது. ஜன்னலில் துறைமுகத்தின் மேல் கரும்புகை. தளத்தைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். பூவரசனுக்கு என்ன ஆயிற்றோ. பாவம், நல்ல பிள்ளை.

கரை ஏவுகணை மட்டும் உயிரோடிருக்கிறது. மனிதர் இல்லாவிட்டாலும் அது வேலை செய்யும். திரையில் பச்சை விளக்கு எரிகிறது.

15:30 | பின்கதவு

கணக்குப்பிள்ளையின் பெட்டி வாலில், பழைய சாமான் அறையில் இருக்கிறது. போய்ப் பிடுங்கிவிடலாம் என்று போனேன். விமானத்தை மாற்றியவர்கள் அந்தக் கதவின் குறுக்கே கூடுதல் எரிபொருள் தொட்டியை வைத்து இறுக்கிவிட்டார்கள். மின்சாரத்தை நிறுத்தினேன். அதற்குத் தனி பேட்டரி. பயந்துபோய் யாரும் அணைத்துவிடக் கூடாதாம். விரல் நகம் இரண்டு பெயர்ந்ததுதான் மிச்சம்.

16:15 | படகுகளை அழைத்தேன்

அவர்கள் அலைவரிசையில் பேசினேன். நான் பிரஸ்கில்லா, இன்று மாலை செபம் சொல்லாதீர்கள், வயர்லெஸைத் தொடாதீர்கள் என்றேன். கிளாட்வின் குரல் வந்தது. என்னிடம் அல்ல, மற்றவர்களிடம்.

“எலே, யாரும் நம்பாதிய. அக்கா கொரல்ல எவனோ பேசுதான். செபம் சொல்லாதங்கான் பாரு, எங்க அக்கா அப்பிடிச் சொல்லுவாளா? என் கொரலே வந்தாலும் நம்பாதலன்னு அவதான் சொல்லி அனுப்புனா. எல்லாரும் வயர்லெஸ அமத்துங்க. ஆறு மணி செபத்துக்குக் கொஞ்சம் முந்தித் தொறந்தாப் போதும்.”

அணைத்துவிட்டார்கள்.

போர் வந்தால் எதிரி நம் குரல்களைத் திருடிப் பேசுவான் என்று படகுத்துறையில் அவன் சட்டையைப் பிடித்துச் சொல்லி அனுப்பினேன். சொன்ன எதையும் கேட்காத பயல், இதை மட்டும் கேட்டிருக்கிறான்.

அழுதேன். எழுதிவைக்கிறேன், வெட்கமில்லை.

17:35 | முடிவு

இரைச்சல் போட்டுப் பயனில்லை. அது அவர்கள் காதை அடைக்கும், வாயை அடைக்காது. கிளாட்வின் முதல் சொல்லை உச்சரித்தால் போதும்.

அவனுக்கு முன்னால் வேறொருவர் தொடங்கினால் தலைவன் அவன் அல்ல.

இந்த விமானம் நம்முடையது என்று ஏவுகணைக்குச் சொல்லும் கருவியை அணைத்தேன். அது கைக்கெட்டும் இடத்தில்தான் இருந்தது. பாராசூட் கிடையாது. உல்லாச விமானத்தில் யார் குதிக்கப் போகிறார்கள்?

அம்மாவுக்கு யாராவது சொல்லுங்கள். கிளாட்வினிடம் விவரம் முழுவதும் சொல்ல வேண்டாம்.

17:57

எழுத்துப் பிழை இருந்தால் மன்னியுங்கள். நகம் போன விரலால் தட்டுகிறேன். கடல் அமைதியாக இருக்கிறது. படகுகள் இங்கிருந்து தெரியாது. இருந்தாலும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒலிபரப்பி முழு வலுவில். அவனுடைய கடிகாரம் எப்போதும் ஒரு நிமிடம் முந்தும். நான் இரண்டு நிமிடம் முந்துகிறேன்.

17:58

அவர்கள் பதில் சொல்லும் இடைவெளியில் தட்டுகிறேன். முதல் அடி சொன்னேன். நம்பாவிட்டாலும் செபம் செபம்தானே என்று வேண்டிக்கொண்டேன். ஒரு படகு பதில் சொன்னது. பிறகு எல்லாப் படகுகளும். கிளாட்வினும் சொல்கிறான்.

திரையில்: ஏவப்பட்டது. இலக்கு வானில்.

17:59

இரண்டாம் அடி. பாதியில் மூச்சு வாங்கிவிட்டது

“யக்கா? யக்கா, நீதானா? ஒனக்கு மூச்சு வாங்குதுக்கா. விடு, மிச்சத்த நா சொல்லுதேன்.”

வேண்டாம்லே

அவனுக்கு வாய்விட்டுப் பதில் சொல்லக் கூடாது. செபம் நின்றால் அவன் தொடங்குவான், ஏவுகணை அவனிடம் திரும்பிவிடும். ஜன்னலில் வெள்ளையாய் ஒரு கோடு மேலே ஏறி வருகிறது

கிளாட்வின் குறுக்கே பேசாதே ராசா மூன்றாம் அடி நான் சொல்கிறேன் நானே முடிப்