உன் மெஷினில் மட்டும் ஓடியது

இன்று காலை, புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி தன் திரையை என் பக்கம் திருப்பினாள். ப்ரோக்ராமுக்கு வேண்டிய ஒரு பேக்கேஜ் கிடைக்கவில்லை என்று ஒரு வரி. மெஷின் முழுவதற்கும் பொதுவாக, குளோபலாக இன்ஸ்டால் செய்தும் ப்ரோக்ராம் ஏன் எடுக்கவில்லை என்று கேட்டாள். அப்படிப் போட்டதை ப்ரோக்ராம் தானாகத் தேடாது, ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள்ளேயே போட வேண்டும் என்றேன். சொல்லும்போதே உன் முகம் வந்து நின்றது.

பொம்மசந்திரா தொழிற்சாலைக்கு லேபிள் அச்சடிக்கும் ப்ரோக்ராமை நாம் இருவரும்தான் எழுதினோம். அச்சுப் பகுதி உன்னுடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜோகுபாளையத்துக்கு வந்து, அம்மா வைத்த மீன்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, எங்கள் கூடத்திலேயே உட்கார்ந்து எழுதுவாய். உன் லேப்டாப்பில் அது ஒருமுறைகூடத் தகராறு செய்ததில்லை.

தொழிற்சாலை சர்வரில் நான் ஏற்றிய அன்று அது ஓடவே இல்லை. லேபிள் இல்லாமல் பெட்டிகள் குவிந்தன. சூப்பர்வைசர் கன்னடத்தில் திட்டிக்கொண்டே இருந்தார். உனக்கு ஃபோன் செய்தேன். உன் மெஷினில் தனியாக எதுவும் செய்யவில்லை என்றாய். நம்பினேன். விடுபட்ட பேக்கேஜ்களை ஒவ்வொன்றாகத் தேடிப் போட்டு ஓடவைக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது.

மறுநாள் மேனேஜர் விசாரித்தபோது உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. "சர்வர்ல ஏத்தினது அவதான் சார். என் மெஷின்ல நல்லா ஓடுது" என்றாய். அந்த ப்ராஜெக்டிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள்.

கேன்டீனில் நீயாகவே வந்து எதிரில் உட்கார்ந்தாய். பேக்கேஜ்களை எல்லாம் குளோபலாகப் போட்டு, அங்கேயும் தேடச் சொல்லி உன் மெஷினில் மட்டும் ஒரு செட்டிங் வைத்திருந்தாயாம். மறந்துவிட்டதாம்.

"எப்போ ஞாபகம் வந்துச்சு?" என்று கேட்டேன்.

"நீ ஃபோன் பண்ணப்பவே." தட்டையே பார்த்துக்கொண்டு, "ப்ரமோஷன் நேரம்டி, புரிஞ்சுக்கோ" என்றாய்.

மறந்ததை மன்னித்திருப்பேன். அதன்பிறகு உன்னோடு நான் பேசவில்லை. நீயும் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாய். போன வருஷம், காய்ச்சல் என்று படுத்த நீ இறந்துவிட்டாய் என்று யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

அத்திபெலேயில் உன் வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா என் கையை விடவே இல்லை. ஆஸ்பத்திரியில்கூட உனக்கு என் பேச்சுதானாம். அப்படியென்றால் என்னிடம் ஒரு வார்த்தை பேச உனக்கு என்ன தடை?

"உங்களுக்குள்ள ஏதாவது சண்டையாம்மா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் இல்லம்மா" என்றேன்.

இன்றும் எதுவும் போடாத வெறும் மெஷினில் ஏற்றிப் பார்க்காமல் எதையும் நான் வெளியே அனுப்புவதில்லை. யார் சொன்னாலும் நம்புவதில்லை. உன் அம்மா அவ்வப்போது ஃபோன் செய்கிறார். உன்னைப் பற்றி ஏதாவது சொல்லும்மா என்கிறார். நீ சிரித்தது, சாப்பிட்டது, பாடியது எல்லாம் சொல்கிறேன். ஒன்றும் பொய்யில்லை. ஃபோனை வைத்த பிறகு, அந்தக் கோபம் அப்படியே திரும்ப வந்துவிடுகிறது.