எஸ்தர் அக்கா, செக் பாட்டைப் பாடிவிட்டோம்

என் செல்ல எஸ்தர் அக்காவுக்கு,

பாடிவிட்டோம் அக்கா. நேற்றுச் சாயங்காலம், நம் கோயிலில், பாடகர் குழுவாக நின்று, முழுசாக. இன்று காலையில் எனக்கு நன்றாகப் பசித்தது. தட்டு நிறைய இட்லி சாப்பிட்டேன். உனக்கு முதலில் சொல்லத் தோன்றியது இதுதான்.

உன் கம்பெனிக்கு பனியன் ஆர்டர் கொடுக்க வந்த செக் நாட்டுக்காரர், நீ பாடுகிறவள் என்று தெரிந்து ஊருக்குப் போய் அந்தப் பாட்டை அனுப்பினாரே, நினைவிருக்கிறதா? அவர்கள் கிராமத்துப் பாட்டுகளை யாரோ நான்கு குரலுக்குக் கோத்துச் செய்தது. கீபோர்டு கிடையாது. அதில் வரும் அறுப்புப் பாட்டில் மற்றவர்கள் ஓடி விளையாட, பெண்களில் கீழ்க்குரலான ஆல்ட்டோ பாடும் நம் இருவருக்கும் ஒரே சுரம். அது அசைந்தால் எல்லாம் சாயும். "நமக்குக் கெடச்சத பாருட்டி, கொசு மாதிரி ஒரே சத்தம்" என்று சிரித்தாய். நான் மெட்டுப் பக்கம் நழுவினால் இடுப்பில் கிள்ளுவாய்.

நீ கண்ணை மூடிய பிறகு கிள்ள ஆளில்லை. பயிற்சிக்குப் பயிற்சி நழுவினேன். "அடுத்த வாரமும் இப்படின்னா இந்தப் பாட்ட விட்டுருவோம்மா" என்றார் பாட்டு மாஸ்டர். நீ ஆசைப்பட்ட பாட்டு என்னால் நின்றுவிடுமே என்று அழுதேன். உன் மேல் கோபமும் வந்தது. அப்படி என்ன அவசரம் உனக்கு?

எங்கள் கம்பெனியில் நாள் முழுக்க ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு அலறும் இல்லையா? அதற்கு நடுவில், பனியனைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே என் சுரத்தை மட்டும் பிடித்துப் பழகினேன். பல்லடத்துச் சூப்பர்வைசர் பயந்துவிட்டார்.

"ஏனுங்க, மேலுக்குச் சொகமில்லீங்களா? காலைல இருந்து மொனகிட்டே இருக்கறீங்க. லீவு வேணும்னா எடுத்துக்கங்க."

"பாட்டு படிக்கேன் சார்."

"இதுங்களா பாட்டு?"

நேற்று அந்த இடம் வந்தது. சோப்ரானோக்காரிகள் மேலே பறந்தார்கள். ஆண்கள் ஆடாத குறை. நான் அசையவில்லை. பாட்டு முடிந்து கைதட்டல் எழுந்த பிறகுதான் உறைத்தது: நடுவில் ஒரு தடவைகூட உன்னைத் தேடவில்லை. வருத்தப்படுவாயா? எனக்கு அப்பாடா என்றிருந்தது அக்கா, நீ போனதிலிருந்து முதல் முறையாக.

இத்தனை நாளும் பக்கத்தில் உன் இடத்தைக் காலியாக விட்டுத்தான் நின்றேன். நம் ஊர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி புதிதாக வந்திருக்கிறாள். பாட்டு முடிந்ததும் வந்து, "அக்கா, நான் இங்கன நிக்கட்டா?" என்று கேட்டாள்.

நிற்கச் சொல்லிவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளோடு தோள் ஒட்டி நிற்பேன். இது சத்தியம் அக்கா.

கூடப் பிறக்காத உன் தங்கச்சி,
ஜெபா