மதினி இல்லாமல் சிடி பிளேயர் பார்க்கப் போனேன்

என் அன்பு மதினிக்கு,

இன்று காலை விளாங்குடி வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, ஹாலில் சிடி பிளேயர் மேலிருந்த உங்கள் படத்தை எடுத்து அலமாரியில் வைத்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். எட்டு மாதம் முன்பே செய்திருக்க வேண்டியது.

நீங்கள் போனபின் அண்ணன் அந்தப் படத்தை வேறெங்கும் மாட்டச் சம்மதிக்கவில்லை. "அவ எப்பவும் உக்கார்றது இதுக்குப் பக்கத்துலதானே" என்று பிளேயர் மேலேயே வைத்தார். தினமும் மல்லிகைச் சரம் சாத்தினார். சாயங்காலம்வரை வாடக்கூடாதென்று தண்ணீர் தெளித்தார். மூடியில் சூடு வெளியேற இருக்கும் துளைகள் வழியே அந்தத் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. எங்கள் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. படத்துக்குப் பூப் போடுவதில் என்ன தப்பு வந்துவிடும் என்று யாருக்குத் தோன்றும்?

போன வாரம் பிளேயர் நின்றுவிட்டது. ரிப்பேர்காரர் திறந்து பார்த்தார். உள்ளே துரு, ஓரத்தில் காய்ந்த மல்லிகை. "என்னண்ணே, இதென்ன மாடா? தண்ணி காட்டியிருக்கீங்க!" என்று சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் சொன்னார்: "அவ பொருளை நானே கெடுத்துட்டேன் செல்வி. ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கரையும் சோழவந்தான் சிநேகிதனுக்குக் கொடுத்துர்றேன். செவ்வாக்கெழமை வண்டியோட வரச் சொல்லிட்டேன்."

ஸ்பீக்கர் போய்விட்டால் அந்த வீட்டில் இனி பாட்டே இருக்காது, மதினி. அவர் பின்கட்டில் செய்தித்தாளோடு உட்கார்ந்தே மிச்ச நாளை ஓட்டிவிடுவார். "நான் ஒரு பிளேயர் பாத்துட்டு வாரேன், அதுவரைக்கும் பொறுங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. எனக்கு என்ன தெரியும்? உங்களோடு ஒருமுறை கடைக்கு வந்ததோடு சரி.

அன்று பள்ளிக்கூடம் விட்டு அதே காட்டன் சேலையில், கைப்பையில் இரண்டு சிடியோடு வந்தீர்கள். கடைக்காரர் பெருமையாகச் சத்தத்தைக் கூட்ட, நீங்கள் "குறைங்க" என்றீர்கள்.

"எல்லாரும் கூட்டச் சொல்லுவாய்ங்க, டீச்சர் குறைக்கச் சொல்றீங்களே?"

"சத்தமா வச்சா எல்லாமே நல்லாத்தான் கேக்கும் தம்பி. மெதுவா வச்சுப் பாப்போம்."

பாட்டு தாழ்ந்த இடத்தில் காதைப் பக்கத்தில் வைத்து, உள்ளே மோட்டார் இரைகிறதா என்று கேட்டீர்கள். தட்டைப் பத்துத் தடவை திறந்து மூடச் சொன்னீர்கள். கீறல் விழுந்த சிடியைப் போட்டுத் திக்குகிறதா என்று காத்திருந்தீர்கள். நீல விளக்குகள் துள்ளும் ஒன்றை நான் காட்டியபோது, "கல்யாண மண்டபத்துக்கு நல்லாருக்கும்" என்றீர்கள். கடையே சிரித்தது, நானும்தான். பேசாமல், அவசரப்படாமல், வேண்டாததை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனீர்கள். ஒரு பொம்பளை இம்புட்டு நிச்சயத்தோடு ஒன்றைத் தேர்ந்தெடுத்ததை அதற்குமுன் நான் பார்த்ததே இல்லை.

நேற்று உங்கள் இரண்டு சிடியையும் எடுத்துக்கொண்டு, பழைய பிளேயரும் விற்கும் அதே கடைக்குப் போனேன். நானும் "குறைங்கண்ணே" என்றேன். அவர் சிடியைத் திருப்பிப் பார்த்து, "டீச்சர் கொண்டாந்ததுல்ல இது?" என்றார். பிறகு, "ரெண்டு பிளேயரை எடுத்துட்டுப் போங்கக்கா. வீட்ல கேட்டுட்டு, வேணாங்கிறதைத் திங்கக்கெழமை கொண்டாங்க" என்றார். அவற்றை வைக்க இடம் வேண்டித்தான் உங்கள் படத்தை நகர்த்தினேன்.

முதல் பிளேயர் கனமானது. தட்டு சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. கடைக்குக் கொண்டுபோன சிடியில், வீணைத் தந்தியில் விரல் உராய்வதுகூடக் கேட்டது. பின்கட்டில் அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு நீங்களே பாட்டுகளைத் தேர்ந்து பதிந்து, சிவப்பு மையில் 'ஞாயிறு' என்று எழுதிவைத்த சிடியைப் போட்டேன். சுற்றியது, சுற்றியது, 'சிடி இல்லை' என்று காட்டியது. வீட்டில் பதிந்த சிடியை அது படிக்காது போல. கடையிலேயே அதைச் சோதித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் மறந்திருப்பீர்களா?

இரண்டாவதின் தட்டு கடகடக்கிறது. தாழ்ந்த இடங்களில் மோட்டார் மெல்ல இரைகிறது. ஆனால் உங்கள் 'ஞாயிறு' சிடியைப் போட்டவுடன் பிடித்துக்கொண்டது.

இரண்டாம் பாட்டில் அண்ணன் நிலைப்படியில் நின்றார். "எதுக்கு இம்புட்டுச் சத்தம்? ஒன் மதினி இருந்தா வைவா" என்று, தானே வந்து குறைத்தார். நின்றபடியே பாட்டைக் கேட்டார். பிறகு தரையில் உட்கார்ந்தார். "அடுத்து கல்யாணி வரும் பாரு" என்றார். வந்தது. "அதுக்கப்புறம் அந்தப் புல்லாங்குழல்." அதுவும் வந்தது. அந்த வரிசை எந்தக் கடையிலும் கிடைக்காது, மதினி. அது நீங்கள் அவருக்காகக் கோத்தது.

செவ்வாய்க்கிழமை பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

உங்கள் காது முதலாவதைத்தான் எடுத்திருக்கும். அது எனக்கு நன்றாகவே தெரிகிறது. ஆனாலும் நாளை காலை அதைத்தான் கடையில் திருப்பிக் கொடுக்கப்போகிறேன். இதை அண்ணனிடம்கூட இன்னும் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் வந்து, நீங்கள் வைத்த வரிசை மாறாமல் போடுவேன். இரைச்சலை மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நாத்தனார்,
செல்வி