குருவிக்கூடு

ஜூன் 10

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நேற்றுதானே போனில் பேசினோம், அதற்குள் என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசும்போது வாண்டு என் தோளில் தொங்கிக்கொண்டு ஸ்பீக்கரைப் போடச் சொல்கிறாள். மெசேஜ் அனுப்பினால் நீ படிப்பதற்கு முன்னால் அவள் படித்துவிடுகிறாள். நம் வீட்டில் ரகசியம் பேச இனி தபால்காரர்தான் துணை. பட்டறையில், பழுதுக்கு வந்த ஒரு ஃப்ரிட்ஜின் மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். பதிலையும் பட்டறை விலாசத்துக்கே போடு.

விஷயம் நம் மகளின் தலைமுடி. நீ இங்கே இருந்தவரை அதை எப்படிச் சமாளித்தாய் என்று நான் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. இப்போது அனுபவிக்கிறேன். காலையில் நான் சீப்பைக் கையில் எடுத்தால் அவள் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள். இழுத்து வாரினால் அலறுகிற அலறலில் மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிறார். போன வாரம் சீப்பின் பற்கள் சில அவள் தலையிலேயே தங்கிவிட்டன. பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சர் எடுத்துக் கொடுத்து அனுப்பினார்.

பள்ளிக்கூடத்தில் அவளைக் 'குருவிக்கூடு' என்று கூப்பிடுகிறார்களாம். செப்டம்பர் கடைசியில் வகுப்புப் போட்டோ எடுக்கிறார்கள். அதற்குள் பார்லருக்குக் கூட்டிப்போய் முடியை நேராக்கிவிடச் சொல்கிறாள். சொல்லிவிட்டு அழுதாள். அழுதால் நான் என்ன ஆவேன் என்று உனக்குத் தெரியும். சரி என்று சொல்லிவிட்டேன். தலையில் அடித்துச் சத்தியமும் வாங்கிக்கொண்டாள்.

கோபப்படாமல் நீயும் ஒரு 'சரி' எழுதிவிடு.

இப்படிக்கு,
உன் மொட்டை

ஜூன் 16

வாண்டுவின் அப்பாவுக்கு,

'அன்புள்ள' போடவில்லை, கவனித்தீர்களா? வேண்டுமென்றேதான் போடவில்லை.

பத்து வயதுப் பிள்ளையின் தலையில் மருந்தைத் தடவி, சட்டைக்கு இஸ்திரி போடுவது மாதிரிச் சுட்டு எடுக்கப் போகிறார்களாம், அதற்கு இவர் சத்தியம் பண்ணினாராம்! முடியைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? சொந்தமாக ஒரு சீப்புகூட இல்லாத மனுஷன் நீங்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மெஷினை ஓட்டி வழித்துவிட்டு, தலையைத் துண்டால் ஒரு துடை துடைத்தால் உங்கள் அலங்காரம் முடிந்தது. கல்யாணத்துக்கே அப்படித்தான் வந்து நின்றீர்கள். போட்டோக்காரர், "மாப்பிள்ளை தலையில லைட்டு அடிக்குது, கொஞ்சம் குனியுங்க"ன்னு சொன்னது மறந்துபோச்சா?

அந்தச் சுருட்டை என் சித்தப்பாவின் வழியாக வந்தது என்று உங்கள் அக்கா விசேஷத்துக்கு விசேஷம் சொல்லிக்காட்டுவார். சொல்லிவிட்டு உங்களைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. பிள்ளை பிறந்த நாளிலிருந்து நானும் கேட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். எங்கள் பக்கத்துக் கோளாறுதானே, நான்தானே பார்க்க வேண்டும் என்று எண்ணெயை அப்பி, எதிரியைக் கட்டுவது போல இறுக்கிப் பின்னி அனுப்பினேன். எனக்கும் வேறு வழி தெரியவில்லை.

இங்கே தையல் கம்பெனிக்கு வந்துதான் தெரிந்தது. எங்கள் விடுதி அறையில் பக்கத்துக் கட்டில்காரி, பட்டன் பிரிவில் வேலை செய்கிறவள், வாண்டு மாதிரியே முடி உள்ளவள். தோள்வரை சுருள் சுருளாகத் தொங்கும். பார்த்துக்கொண்டே இருக்கலாம். என் சம்பளம்தான் அவளுக்கும், அதனால் பெரிய செலவு எதுவும் கிடையாது. கேட்டதும் சொல்லிக்கொடுத்தாள்.

முதல் பாடம், காய்ந்த முடியில் சீப்பே வைக்கக் கூடாது. தலைக்குக் குளித்ததும் ஈரத்திலேயே கண்டிஷனரைத் தாராளமாகத் தடவி, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து சிக்கெடுத்துக்கொண்டே மேலே வர வேண்டும். மேலிருந்து கீழே இழுத்தால் அலறத்தான் செய்வாள். துண்டால் தேய்க்காமல், உங்கள் பழைய பனியனால் ஒத்தி ஒத்தி ஈரத்தை எடுங்கள். ஷாம்பு வாரத்துக்கு ஒருமுறை போதும். அப்புறம் ஆளிவிதை ஒரு கரண்டி எடுத்து, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கொதிக்க விட்டால் முட்டை வெள்ளை மாதிரி வழுவழுவென்று வரும். அதை வடிகட்டி ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டு, ஈர முடியில் தடவிக் கையால் கசக்கிவிட்டால் சுருள் கலையாமல் நிற்கும். கடையில் பாட்டிலில் விற்பதற்கு விலை கேட்டால் மயக்கம் வரும். இது சில்லறைக் காசு.

போட்டோ வரைக்கும் இப்படிச் செய்து பார்க்கலாம் என்று அவளிடம் பேசுங்கள்.

இப்படிக்கு,
இன்னும் கோபமாக இருக்கும் உங்கள் மனைவி

ஜூலை 5

அன்புள்ள கோபக்காரிக்கு,

பேசினேன். பேரம் படிந்தது. போட்டோவுக்கு முந்தின நாள்வரை என் கைவரிசை. அன்றைக்கும் அவளுக்குப் பிடிக்கவில்லை என்றால் பார்லர். "பேச்சு மாறக் கூடாது"ன்னு சுண்டு விரலைக் கோத்துக்கொண்டாள்.

கைவரிசையைக் கேள். முதல் நாள் குளிப்பாட்டி, கண்டிஷனர் தடவி, நுனியிலிருந்து சிக்கெடுத்தேன். ஒரு சத்தம் இல்லை. எனக்கே பெருமையாக இருந்தது. ஆனால் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது, முடி காயவில்லை. ஃப்ரிட்ஜின் பின்பக்கத் தூசியை ஊதித் தள்ளுகிற புளோயர் என் பையில் இருந்தது. எத்தனை ஃப்ரிட்ஜைக் காய வைத்திருக்கிறேன், ஒரு தலையைக் காய வைக்க முடியாதா என்று ஒரு ஊது ஊதினேன்.

அடியே, வாசல் கதவு வழியாக அவள் தலை நுழையுமா என்று சந்தேகம் வந்துவிட்டது. கண்ணாடியைப் பார்த்தவள் அழக்கூட இல்லை. "அப்பா, நான் ஃப்ரிட்ஜா?" என்று மட்டும் கேட்டாள். அன்றைக்கு லீவு போட்டோம், இரண்டு பேரும்.

ஆளிவிதை அடுத்த கூத்து. கொதிக்க வைத்து, ஆறட்டும் என்று மூடிவிட்டுக் கடைக்குப் போனேன். வந்து பார்த்தால் கட்டியாகிவிட்டது. வடிகட்டியில் கொட்டினால் ஒரு சொட்டுக்கூட இறங்கமாட்டேன் என்கிறது. மறுபடி வேறு விதையைப் போட்டுக் கொதிக்கக் கொதிக்க வடிகட்டினேன், வந்தது. ஜாம் பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்த உன் தம்பி அதை ரொட்டியில் தடவிச் சாப்பிட்டுவிட்டு, "மாமா, ஜாம்ல சர்க்கரை கம்மி"ன்னு சொன்னான். ஆள் நன்றாகத்தான் இருக்கிறான்.

இப்படிக்கு,
ஃப்ரிட்ஜின் அப்பா

ஜூலை 19

அன்புள்ள வாண்டுவின் அப்பாவுக்கு,

'அன்புள்ள' திரும்பி வந்துவிட்டது. சாப்பாட்டு இடைவேளையில் உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்ததில் புரையேறி, சூப்பர்வைசர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

என் தம்பிக்கு அது பரவாயில்லை, வயிற்றுக்கு நல்லதாம். ஆனால் பாட்டிலில் பெயர் எழுதி ஒட்டுங்கள். சூடாக வடிகட்ட வேண்டும் என்று சொல்ல மறந்தது என் தப்பு. இன்னொன்றும் விட்டுப்போச்சு. தடவிக் காய்ந்ததும் முடி விறைப்பாக, அப்பளம் மாதிரி நிற்கும். பயந்துவிடாதீர்கள். உள்ளங்கையில் இரண்டு சொட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டு மெல்லக் கசக்கினால் இளகிவிடும். புளோயரைப் பட்டறையிலேயே வைத்துப் பூட்டுங்கள். முந்தின நாள் சாயங்காலமே தலைக்கு ஊற்றினால் அவசரமே இல்லை.

இத்துடன் ஒரு தலையணை உறை அனுப்பியிருக்கிறேன். கோட்டுக்கு உள்ளே வைத்துத் தைக்கிற வழவழப்பான துணி, வெட்டியது போக மிஞ்சிய துண்டுகள். கேட்டு வாங்கி, ஒட்டுப்போட்டுத் தைத்தேன். இதில் படுத்தால் முடி உரசிச் சிக்காகாது.

ஒன்று கேட்கிறேன். 'குருவிக்கூடு' என்று இன்னும் கூப்பிடுகிறார்களா? போனில் கேட்டால், "இல்லம்மா"ன்னு ரொம்ப வேகமாகச் சொல்கிறாள். எனக்கு அந்த வேகம் பிடிக்கவில்லை.

அன்புடன்,
உங்கள் வீட்டுக்காரி

ஆகஸ்ட் 9

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

முடி நன்றாகவே வந்துவிட்டது. நீ பார்க்க வேண்டும். முன்னால் பஞ்சுமூட்டை மாதிரி இருந்தது, இப்போது ஒவ்வொரு சுருளும் தனித்தனியாக விழுகிறது. இழுத்துவிட்டால் துள்ளிக்கொண்டு மேலே போகிறது. மாடி வீட்டம்மா எந்தப் பார்லர் என்று கேட்டார். "பட்டறை" என்றேன்.

ஆனால் நீ கேட்டதற்கு விடை, ஆமாம், கூப்பிடுகிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி முன்னால் அவளை உட்கார வைத்து, "எவ்ளோ அழகா இருக்கு பாரு"ன்னு சொன்னேன். அப்போது என் ஒரு கையில் தலை வழிக்கிற மெஷின். அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"உன் முடி எப்படிப்பா இருக்கும்?"

"எனக்கு ஏது முடி."

"அத்தை சொன்னாங்க. உனக்கும் இப்படித்தானாமே. இவ்ளோ அழகுன்னா நீ ஏன் வழிக்கிற?"

அக்கா கடைசியில் வாயைத் திறந்துவிட்டாள். உன்னிடம் சொல்ல மாட்டேன் என்றுதான் அவள் சத்தியம் பண்ணியிருந்தாள், வாண்டுவிடம் சொல்ல மாட்டேன் என்று பண்ணவில்லையாம்.

ஆமாம், உன் சித்தப்பா நிரபராதி. அந்தச் சுருட்டை என்னுடையது. பள்ளிக்கூடம் முழுக்க என்னையும் 'குருவிக்கூடு' என்றுதான் கூப்பிட்டார்கள். பின்னால் உட்கார்ந்தவன் பென்சிலைச் செருகி வைப்பான், அது விழாமல் நிற்கும், வகுப்பே சிரிக்கும். பள்ளிக்கூடம் முடிந்த அன்றைக்கு வழித்தவன்தான், அதற்குப் பிறகு வளர விட்டதே இல்லை. அதனால்தான் வாண்டு அழுதபோது யோசிக்காமல் சத்தியம் பண்ணினேன். அதே பெயர். ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.

அன்றைக்கு நான் வழிக்கவில்லை. மெஷினை அலமாரியில் வைத்துவிட்டேன். இப்போது முடி முளைத்துக்கொண்டிருக்கிறது. வாடிக்கையாளர்கள் என் முகத்தைப் பார்க்காமல் தலையைப் பார்த்துப் பேசுகிறார்கள். வெட்கமாகத்தான் இருக்கிறது.

பார்லர் பற்றி வாண்டு இன்னும் வாயைத் திறக்கவில்லை.

இப்படிக்கு,
இனி மொட்டை இல்லாத உன் மொட்டை

ஆகஸ்ட் 22

உங்களுக்கு,

என்ன போட்டு அழைப்பது என்றே தெரியவில்லை. பத்து வருஷம் என் சித்தப்பாவை ஆளாளுக்குக் கரித்துக்கொட்டினீர்கள். பாவம், மனுஷனுக்கு இருந்ததே நாலு முடி! உங்கள் அக்காவின் சிரிப்புக்கு இப்போதுதான் அர்த்தம் தெரிகிறது. கல்லுளிமங்கன் என்றால் நீங்கள்தான். ஊருக்கு வந்து வைத்துக்கொள்கிறேன்.

முழுக் கோபத்தோடு எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. அந்தப் பென்சில் மனசில் நின்றுகொண்டே இருக்கிறது. என்னிடம் சொல்லியிருக்கலாமே. நான் சிரிப்பேன் என்றா நினைத்தீர்கள்? கொஞ்சம் சிரித்திருப்பேன்தான். ஆனால் பென்சிலை எடுத்துப் போட்டிருப்பேன்.

ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். போட்டோவுக்கு முந்தின நாள் அவள் பார்லர் என்று சொன்னால் கூட்டிப்போங்கள். எனக்குத் துளியும் பிடிக்கவில்லை. ஆனால் பேரம் பேசிவிட்டுக் கடைசி நாளில் மாறினால், இனி நாம் அழகு என்று சொல்கிற எதையும் அவள் நம்ப மாட்டாள். அது அவள் தலை. கெஞ்சாதீர்கள், அழாதீர்கள்.

அன்புடன்,
கல்யாணமான நாளிலிருந்து ஏமாந்தவள்

செப்டம்பர் 27

என் அன்புள்ளவளுக்கு,

நேற்று சாயங்காலம், "பார்லர் போலாம்ப்பா"ன்னு சொன்னாள். கெஞ்சவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பார்லரில் அவளை உயரமான நாற்காலியில் ஏற்றி உட்கார வைத்தார்கள். நான் பின்னால் பெஞ்சில், இரண்டு மாத முடியோடு. அங்கே இருந்த அம்மா சின்னப் பல் சீப்பை எடுத்து, காய்ந்த தலையில் அப்படியே வைத்தார்.

"ஆன்ட்டி, காஞ்ச முடியில சீப்பு வைக்கக் கூடாது. நுனியில இருந்து வரணும்."

அந்த அம்மா சிரித்துக்கொண்டே, "எப்படியும் நேராக்கப் போறோமேம்மா, என்ன ஆயிடும்?" என்றார். பிறகு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "சாருக்கும் சேர்த்தே பண்ணிடலாமா? உங்களது பாப்பாவுக்கு மேல குருவிக்கூடா இருக்கே."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நானும் சிரித்து வைத்தேன், பழக்கதோஷம். வாண்டு சிரிக்கவில்லை. கண்ணாடியில் என்னையே பார்த்தாள். நான் என் தலையைக் கையால் அமுக்கிக்கொண்டிருந்தேனாம், எனக்கே தெரியாது. கழுத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துவிட்டு இறங்கி வந்து, என் கையைத் தலையிலிருந்து எடுத்துவிட்டாள்.

"எங்க அப்பா முடியை யாரும் ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்றாள். கொஞ்சம் யோசித்து, "என்னோடதையும் வேண்டாம்" என்றாள்.

வெளியே வந்ததும் நீ சொன்னதை மீறிவிட்டேன். தெருவிலேயே அழுதுவிட்டேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே, "நீ மறுபடி வழிச்சா நான் இங்க திரும்பி வந்துடுவேன், பேச்சு மாறக் கூடாது"ன்னு சுண்டு விரலை நீட்டினாள்.

இன்று வகுப்புப் போட்டோ. காலையில் ஆளிவிதையில் பாதி அவள் தலைக்கு, பாதி என் தலைக்கு. உன் தம்பி வாசலில் நிற்க வைத்து எடுத்த படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். வகுப்பில் இன்றைக்கும் ஒருத்தன் குருவிக்கூடு என்று கூப்பிட்டானாம். "எங்க வீட்டுல ரெண்டு இருக்கு"ன்னு சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

இப்படிக்கு,
பெரிய குருவிக்கூடு

அக்டோபர் 8

அன்புள்ள என் குருவிக்கூடுகளுக்கு,

படம் கிடைத்தது. வாண்டுவைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். பக்கத்தில் நிற்கிற இந்த அழகான ஆள் யார் என்றுதான் கொஞ்ச நேரம் தெரியவில்லை. பக்கத்துக் கட்டில்காரி வாங்கிப் பார்த்துவிட்டு, "உன் வீட்டுக்காரருக்கு இவ்ளோ நல்ல முடின்னு சொல்லவே இல்லையே"ன்னு கேட்டாள். எனக்கே இப்போதுதான் தெரியும் என்றால் நம்பமாட்டேன் என்கிறாள்.

இந்தக் கடிதத்தை இரண்டு பேருமாகச் சேர்ந்தே படியுங்கள், இனி ரகசியம் ஒன்றும் இல்லை. ஒப்பந்தம் முடிந்து டிசம்பரில் வருகிறேன். நேற்று கடைத்தெருவுக்குப் போனபோது அகலப் பல் சீப்பு இரண்டு வாங்கி, பெட்டியில் மேலாக வைத்திருக்கிறேன். சின்னது அவளுக்கு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் உங்களுக்கென்று நான் வாங்கும் முதல் சீப்பு. வந்து என் கையால் வாரிவிடுகிறேன், நுனியிலிருந்து.

அன்புடன்,
உங்கள் நேர்முடிக்காரி