சகுந்தலாவுக்கு வால்டரின் ரத்தம்

மாரிகுப்பம்,
ஆவணி மாதம், 1974

அன்புள்ள தம்பி தசரதனுக்கு அக்கா அம்சவேணி எழுதுவது. நீயும் சகுந்தலாவும் நல்லபடி இருக்க வேண்டும். நான் இருக்கிறேன்.

உன் கடிதம் வந்தது. சகுந்தலாவின் வயிற்று ஆபரேஷனுக்கு நீயே ரத்தம் கொடுக்கப் போவதாக எழுதியிருந்தாய். தம்பி, நீ கொடுக்க வேண்டாம். ஏன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

போன மாதம் ஆஸ்பத்திரி டாக்டர் கூப்பிட்டனுப்பினார். சுரங்கத்தில் கல் சரிந்து உன் மாமாவின் கால் நசுங்கியபோது நீயும், அவர் ஷிப்டில் இருந்த வால்டரும் ரத்தம் கொடுத்தீர்களே, அதைப் பற்றித்தான். கால் ஆறி எழுந்து நடந்த மனிதரை அப்புறம் மஞ்சள் காமாலை கொண்டுபோனதே, அது ஏற்றின ரத்தத்தோடு வந்திருக்கலாம் என்றார். கொடுக்கிறவர் ரத்தத்தில் அந்தக் கிருமி இருக்கிறதா என்று பார்க்க இப்போது பரிசோதனை வந்திருக்கிறதாம். அன்றைக்கு இங்கே அது இல்லை.

வால்டர் ரத்தத்தை எடுத்துப் பெங்களூருக்கு அனுப்பினார்கள். இன்னாக்கா, என் ரத்தத்துல சாராயத்தத் தவிர இன்னா இருக்கப்போவுது என்று சிரித்தான். ஒன்றும் இல்லை என்று பதில் வந்துவிட்டது. அதற்கு மேல் நான் டாக்டரிடம் எதுவும் கேட்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

சின்னதில் உனக்குக் காமாலை கண்டபோது அம்மா கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுத்தாள். கண் வெளுத்ததும், போய்விட்டது என்று தலைக்குத் தண்ணீர் ஊற்றினோம். இங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தானே. கண் வெளுத்தாலும் சிலருக்கு அது ரத்தத்திலேயே தங்கிவிடுமாம், அவர்களுக்கே தெரியாதாம். மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் இதைச் சொல்லிப் பரிசோதித்துக்கொள். வெட்கப்படாதே.

சகுந்தலாவுக்குக் கொடுக்க வால்டர் வருகிறான். எல்லோருக்கும் சேருகிற ரத்தமாம் அவனுடையது. லீவு சொல்லிவிட்டான், பங்காருபேட்டையில் ரயிலேற்றி விடுகிறேன். நல்ல கறிச்சோறு வாங்கிப் போடு, அதைத்தான் கேட்கிறான்.

மச்சான் ரத்தம் ஏறினதுலேர்ந்து எனக்கும் சினிமாப் பைத்தியம் புடிச்சிக்கிச்சி என்று மாமா போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு நீ கை நீட்டாமல் இருந்திருந்தால் அவர் அன்றைக்கே போயிருப்பார். அதற்குப் பிறகு அவர் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டதெல்லாம் நீ கொடுத்தது.

சகுந்தலா நல்லபடி எழுந்திருக்கட்டும். தீபாவளிக்கு எப்போதும் போல இரண்டு பேரும் வாருங்கள். வராமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் அக்கா,
அம்சவேணி